தழைக்கிறது, பூக்கவில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தது. செடி சாகவில்லை, பச்சைப் பசேலென்று நிற்கிறது, பூ மட்டும் இல்லை. காய்கறிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பூக்காத செடிகளுக்கே பக்கங்களைக் கொடுத்துவிட்டேன். காய்கறி கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் ஒரு குண்டுமல்லித் தொட்டி இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன், விருதுநகர் வீட்டுக் கொல்லையில் நின்ற செடியிலிருந்து அம்மாவே போத்து ஒடித்துக் கொடுத்தது. அம்மா இங்கே வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில் கோடையில் தினம் ஒரு கைப்பிடி பூக்கும். அம்மா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பின் பூவே இல்லை. கொடி மாதிரி நீண்டு கைப்பிடிச் சுவர் வரை படர்ந்துவிட்டது. காலை, மாலை இரு வேளையும் தண்ணீர், தினமும் அரிசி கழுவிய நீர், பதினைந்து நாளுக்கு ஒரு முறை 19:19:19 உரம் என்று குறையில்லாமல் கொடுக்கிறேன். எல்லோரும் வெட்டிவிடச் சொல்கிறார்கள். அம்மா கொடுத்த செடியில் கத்தரி வைக்க மனசு வரவில்லை. வெட்டாமல் பூக்க வைக்க வழி உண்டா?
- தாம்பரம் வாசகி

பதில்: வெட்டாமல் வழியில்லை, அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கத்தரியை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதை முடித்துவிட்டால் உங்கள் கை நடுங்காது.

குண்டுமல்லியை நம் ஊரில் யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. ஒடித்து நடும் போத்து, கிளையை வளைத்து மண்ணுக்குள் வேர்விட வைக்கும் பதியன், இந்த இரண்டும்தான் வழி. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்துதான், போத்து வைத்து வேர்விட்ட நாற்று வண்டி வண்டியாக வரும். போத்திலிருந்து வளரும் செடிக்கும் தாய்ச் செடிக்கும் ஒரு இழைகூட வித்தியாசம் கிடையாது. விருதுநகர் கொல்லையில் நின்ற அதே செடிதான் உங்கள் தொட்டியிலும் நிற்கிறது. நீங்கள் ஒடித்து வைக்கும் போத்திலும் அதே செடிதான் வளரும்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஐப்பசி பிறந்திருக்கும். ஈரக்காற்று அடிக்கிற மாதம், போத்து வைக்கத் தோதான மாதம். பச்சையாக வளைகிற நுனியும் வேண்டாம், மரமாகிப்போன அடிக்கிளையும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்துக்கு ஆறு துண்டு எடுங்கள். ஒவ்வொன்றிலும் நாலு கணுவாவது இருக்க வேண்டும். கீழ்க் கணுவுக்கு ஒட்டினாற்போல அடியில் சாய்வாக வெட்டி, கீழே இருக்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இருக்கும் இலைகளைப் பாதி பாதியாக நறுக்கிவிடுங்கள். மணலும் மக்கிய தேங்காய் நாரும் சரிபாதி கலந்து சின்னப் பைகளில் நிரப்பி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிறபடி ஊன்றி, நிழலில் வையுங்கள். மூன்றாவது வாரம் துளிர் தெரியும். உடனே வேர் வந்துவிட்டதா என்று இழுத்துப் பார்க்கத் தோன்றும், பார்க்காதீர்கள். முதல் துளிர் தண்டுக்குள் இருக்கும் சத்திலேயே வந்துவிடும், வேர் பின்னால்தான் வரும். இரண்டு மூன்று மாதம் அந்தப் பைகளை அசைக்கவே வேண்டாம். ஆறில் மூன்று பிழைத்தால் போதும். ஒன்றை உங்கள் கூடப்பிறந்தவர்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் அம்மாவின் செடி ஒரே ஒரு தொட்டியை நம்பி இருக்காது.

இனி, ஏன் பூக்கவில்லை என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் மறுபடி மறுபடி படித்தேன். 'அம்மா இங்கே வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில்' பூத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாதான் அதைக் கவாத்து செய்துகொண்டிருந்திருக்கிறார்கள், அதாவது அளவாக வெட்டிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நம் அம்மாக்கள் கவாத்து என்ற சொல்லையே சொல்ல மாட்டார்கள். பூப் பறிக்கப் போனால் பறித்த கையோடு நீண்ட நுனியைக் கிள்ளிப் போடுவார்கள், காய்ந்த குச்சியைப் பட்டென்று ஒடிப்பார்கள், பேச்சு பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அது வேலையாகவே தெரியாது. உங்கள் செடிக்கு மூன்று வருடமாகக் கிடைக்காதது அந்தக் கைதான்.

குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளை பூக்காது. வெட்டாமல் விட்டால் நுனி நீண்டுகொண்டே போகும், பக்கக் கணுக்கள் தூங்கிவிடும். நுனியை வெட்டினால் தூங்கின கணுக்கள் விழிக்கும். ஒரு கிளை இருந்த இடத்தில் மூன்று நாலு துளிர் வரும், ஒவ்வொரு துளிரின் நுனியிலும் ஒரு கொத்து மொட்டு.

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு 60 சென்ட் மல்லித் தோட்டம் இருந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் வாய்க்காலை அடைத்துவிடுவார். இரண்டு வாரம் தண்ணீர் கிடையாது. இலை பழுத்து உதிர ஆரம்பித்ததும் ஒரே நாளில் ஆள் விட்டு, செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார். எனக்கு எட்டு வயது இருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் தோட்டம் முழுக்க வெறும் குச்சி. செடியெல்லாம் செத்துப்போச்சு என்று வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மாசி மாதம் ஒரு விடிகாலை நாலு மணிக்கு என்னை எழுப்பி, இடுப்பில் ஒரு துணிப்பையைக் கட்டி, தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். இருட்டில் மொட்டு தெரியவில்லை, வாசனைதான் தெரிந்தது. அன்றைக்குப் பிறகு கவாத்துக்கு நான் அழுததில்லை.

வேளாண்மைத் துறைக்காரர்கள் சொல்வதும் அப்பா செய்ததும் ஒன்றுதான். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. விட்டு மீதியை வெட்ட வேண்டும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் ஒன்றாக வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். ஒரே நாளில் மூன்றுக்கும் கத்தரி வைத்தால் பூக்கும் காலம் கலைந்துவிடும்.

உங்கள் ஊரில் நவம்பர் கடைசி அடைமழைக் காலம். மழையில் வெட்டினால் வெட்டுவாயில் நீர் நின்று அழுகும். அதனால் தொட்டியைப் பத்து நாள் முன்னாலேயே மாடிப்படி அறைக்குப் பக்கத்தில், மழை படாத இடத்துக்கு நகர்த்தி, தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். இலை லேசாகத் தொங்கினால் பயப்பட வேண்டாம். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்ததும் வெட்டுங்கள். டிசம்பர் முதல் வாரம் ஆனாலும் பரவாயில்லை. மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு, கணுவுக்குக் கொஞ்சம் மேலே, கூரான கத்தரியால் ஒரே வெட்டாக. காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்பக்கம் பார்த்து வளரும் மெலிந்த கிளை, இவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். விரல் கனத்துக்கு மேல் உள்ள வெட்டுவாய்களில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். ஒட்டியிருக்கும் இலைகளையும் கையால் உருவிவிடலாம்.

அன்றைக்கே தொட்டியைச் சாய்த்து வேர்க்கட்டியை வெளியே எடுங்கள். ஆறு வருடம் ஒரே மண்ணில் இருந்த செடி, வேர் தொட்டிச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். வெளிச்சுற்றில் இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தியால் சீவிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து, அதில் எலும்புத் தூள் 100 கிராம், வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம் சேர்த்துத் திரும்ப வையுங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் அது நூற்புழு, வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. அந்தச் செடியை எவ்வளவு கவாத்து செய்தாலும் தேறாது. அப்போது நீங்கள் வைத்த போத்துகள்தான் கைகொடுக்கும், அவற்றைப் புது மண்ணில், புதுத் தொட்டியில் வையுங்கள்.

உரத்துக்கு வருகிறேன். வயலில் முழுசாக வளர்ந்த ஒரு குண்டுமல்லிச் செடிக்கு வருடத்துக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் என்று பரிந்துரை. கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன், ஜூலையில் மீதிப் பாதி. தழைச்சத்தைப் போல மற்ற இரண்டும் இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். நீங்கள் போடும் 19:19:19 உரத்தில் மூன்றும் சமம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதைக் கொடுத்து, தினம் இரு வேளை தண்ணீரும் ஊற்றினால் செடி தழைக்கத்தான் செய்யும். அதற்கு எந்த அவசரமும் இல்லை, எந்தக் குறையும் இல்லை, பூக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிடுங்கள். துளிர் விரல் நீளம் வந்தபின், தை முதல் வைகாசி வரை மாதம் ஒரு தடவை, ஒரு லிட்டர் தண்ணீரில் சாம்பல்சத்து உரமான சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 5 கிராம் கரைத்து ஊற்றுங்கள். ஆனி, ஆடியில் ஒரு முறை தொழு உரமும் எலும்புத் தூளும். அரிசி கழுவிய நீர் வாரம் ஒரு நாள் போதும். தண்ணீர், விரலை மண்ணுக்குள் ஒரு கணு அளவு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த மூன்று வருடத்தில் பக்கத்தில் ஏதாவது கட்டடம் எழும்பியதா? ஒரு விடுமுறை நாளில் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். காலை 8, 10, 12, 2, 4 மணிக்குத் தொட்டி வெயிலில் இருக்கிறதா நிழலில் இருக்கிறதா என்று தரையில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல், கைப்பிடிச் சுவரின் நிழல் எல்லாம் அப்போதுதான் புலப்படும். மல்லிக்கு 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் நான் மேலே சொன்னது எல்லாவற்றையும் செய்தாலும் பாதிப் பலன்தான்.

மாசிக்குள் முதல் மொட்டு தெரியும், பங்குனி, சித்திரையில் நிறைய வரும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் பூத்த நுனிகளுக்குக் கீழே நாலு இலை சேர்த்துக் கிள்ளிவிடுங்கள். அம்மா செய்த மாதிரியே.

கேள்வி: எங்கள் மல்லியில் மொட்டு நிறைய வைக்கிறது. ஆனால் பெரிதாவதற்குள் காம்பு பக்கம் உப்பி, ஊதா கலந்த சிவப்பாகி உதிர்ந்துவிடுகிறது. சத்துக் குறைவா?
- நிலக்கோட்டை வாசகர்

பதில்: சத்து இல்லை, ஈ. கொசுவைவிடச் சின்னதாக ஒரு ஈ மொட்டுக்குள் முட்டை வைக்கிறது. உதிர்ந்த மொட்டு ஒன்றை நகத்தால் பிளந்து அடிப்பக்கம் பாருங்கள், பொடிப் புழுக்கள் நெளியும். அந்தப் புழு மொட்டோடு விழுந்து மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி, திரும்ப ஈயாகி வருகிறது. ஆகவே உதிர்ந்ததையும் சிவந்ததையும் தினம் பொறுக்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். செடிக்கு அடியில் மண்ணைக் கொத்திக் கிளறி வெயில் படவிட்டு, வேப்பம் பிண்ணாக்கு தூவுங்கள். மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒரு முறை தெளிக்கலாம். மொட்டில் வட்டமாக ஓட்டை இருந்து, பல மொட்டுகள் நூலால் பின்னினாற்போல இருந்தால் அது மொட்டுப்புழு, வேறு பூச்சி. அதற்கும் பொறுக்கி எடுப்பதுதான் முதல் வைத்தியம்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு மஞ்சள் சாமந்தி பூத்த தொட்டியாக வாங்கி வந்து, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் நட்டேன். செடி பெருகி நாலு மடங்காகிவிட்டது. ஒரு மொட்டுகூட இல்லை. நல்ல வெயில் படும் இடம்தான். உரம் மாற்றிப் பார்த்தேன், கவாத்து செய்து பார்த்தேன். அதே செடியிலிருந்து பிரித்து என் மாமியார் வீட்டுக் கொல்லையில் வைத்தது கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. என் கையில்தான் ராசி இல்லையா?
- கோயம்புத்தூர் வாசகி

பதில்: உங்கள் கைக்கு ஒன்றும் இல்லை. கடிதத்தோடு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேட்டுக்கு நேர் மேலே தெருவிளக்குக் கம்பம் நிற்கிறது, வெள்ளை எல்இடி விளக்கு. அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

திருச்சியில் நான் 22 வருடம் நர்சரி வைத்திருந்தேன். மலைக்கோட்டை ஈசனுக்கே செவ்வந்திநாதர் என்று ஒரு பெயர் உண்டு, அந்த ஊரில் சாமந்தி வளர்க்காமல் நர்சரி நடத்த முடியாது. ஒரு வருடம், ராத்திரிக் காவலுக்காக வேலி ஓரம் ஒரு விளக்குப் போட்டோம். ஐப்பசியில் எல்லா வரிசையிலும் மொட்டு கட்டிவிட்டது, விளக்கடியில் இருந்த இரண்டு வரிசை மட்டும் இலையாகவே நின்றது. அதே நாளில் நட்ட கன்று, அதே மண், அதே தண்ணீர். விளக்கிலிருந்து தள்ளிப் போகப் போக மொட்டு கூடிக்கொண்டே போனது. அன்றைக்கு அந்த விளக்கை அணைத்தோம். கார்த்திகை கடைசியில் அந்த இரண்டு வரிசையிலும் பொடி மொட்டு வந்தது.

சாமந்தி இரவின் நீளத்தை அளக்கிற செடி. இலைதான் அளக்கும். இடைவிடாத இருட்டு போதுமான அளவு நீண்டால்தான் 'பூக்கும் காலம் வந்துவிட்டது' என்று நுனிக்குச் செய்தி போகும். செடிகள் இப்படிப் பகலையும் இரவையும் கணக்கிடுகின்றன என்பதை 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதினார்கள். கோடை முழுக்கப் பூக்காமல் ஆளுயரம் தாண்டி வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலைச் செடியை வைத்துத்தான் இதைக் கண்டார்கள். இன்றைக்குப் பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். தண்டு நீளமாக வேண்டும் என்றால் நடுராத்திரியில் விளக்கைப் போட்டுப் பூக்கவிடாமல் தடுப்பார்கள், வேண்டிய உயரம் வந்ததும் கறுப்புத் துணி போட்டு மூடிவிடுவார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்வதை உங்கள் வாசலில் தெருவிளக்கு வருடம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் ஊரில் மார்கழிப் பகல் சுமார் 11½ மணி நேரம்தான், இரவு தாராளமாக நீளம். உங்கள் செடி மட்டும் அந்த இரவைப் பார்க்கவே இல்லை.

இந்த வருடமே பூக்க வைக்கலாம். செடியில் பாதியை வேர் மண்ணோடு தோண்டி ஒரு 10 அங்குலத் தொட்டியில் வைத்து வீட்டுக்குப் பின்னால், எந்த விளக்கும் படாத, பகலில் வெயில் விழும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். சமையலறை ஜன்னல் வெளிச்சம் படுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றால், மாலை 6 மணிக்குப் பெரிய அட்டைப்பெட்டியால் மூடி, காலை 6 மணிக்கு எடுங்கள். நடுவில் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டாம், நடு இரவில் கொஞ்ச நேர வெளிச்சம் போதும் அந்தக் கணக்கு கலைய. மொட்டு பட்டாணி அளவாகி மஞ்சள் எட்டிப் பார்க்கும்வரை ஒரு நாள்கூட விடாமல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வெளிச்சம் பட்டாலும் பாதகமில்லை. தொடங்கிய நாளிலிருந்து பூ விரிய இரண்டரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூத்து முடிந்ததும் தரையிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டிவிடுங்கள். அடியிலிருந்து வரும் பக்கக்கன்றுகளைச் சித்திரை, வைகாசியில் பிரித்துப் புது மண்ணில் நட்டு, ஒரு மாதம் கழித்து நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பெருகும். தாய்த்தூரையே வருடக்கணக்கில் வைத்திருந்தால் பூ சிறுத்துப்போகும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பு இலையோடு விற்கிற பாய்ன்செட்டியா அடுத்த வருடம் சிவக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதற்கும் இதே பதில்தான்.

கேள்வி: நான்கு வருடமாகப் பிரம்மகமலம் வளர்க்கிறேன். ஒரே ஒரு இலையை நட்டு வந்தது. இப்போது ஆளுயரம். இதுவரை பூக்கவில்லை. போன மாதம் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். வீட்டில் தெய்வ கடாட்சம் இருந்தால்தான் இது பூக்கும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார்கள். கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.
- மார்த்தாண்டம் வாசகி

பதில்: அந்தப் பேச்சை முதலில் மனசிலிருந்து இறக்கி வையுங்கள். நம் வீட்டில் இருப்பது இமயமலைப் பிரம்மகமலம் இல்லை. அது உத்தராகண்ட் மாநில மலர், பனிமலையில் வளர்வது, நம் சீமையில் பிழைக்காது. நம் தொட்டியில் வளர்வது மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்த ஒரு கள்ளி இனம். உங்கள் பக்கத்து மக்கள் நிஷாகந்தி என்று சொல்வது இதைத்தான், அந்தப் பெயர் இதற்குப் பொருத்தம். பூப்பதும் பூக்காததும் வெளிச்சத்தையும் வயதையும் தொட்டியையும் பொறுத்தது. அதில் உங்கள் குடும்பத்தின் நல்லது கெட்டது எதுவும் இல்லை.

காட்டில் இது தரையில் வளர்வதில்லை, மரக்கிளைகளில் தொற்றி வளரும். மக்கிய இலையிலும் பட்டை இடுக்கிலும் வேர் நெருங்கி இருந்து பழகியது. ஆகவே பெரிய தொட்டி இதற்கு வேண்டாம். இடம் கிடைத்தால் வேரும் இலையுமாகவே போய்க்கொண்டிருக்கும். போன மாதம்தான் மாற்றியிருக்கிறீர்கள், திரும்பப் பிடுங்கி இன்னும் தொந்தரவு செய்யாதீர்கள். இனி மூன்று வருடத்துக்கு அந்தத் தொட்டியிலேயே இருக்கட்டும். 

நாம் இலை என்று சொல்வது தட்டையான தண்டுதான். அதன் ஓரத்து வெட்டுகளிலிருந்துதான் மொட்டு வரும். உருண்டையாகச் சாட்டை போல நீள்கிற தண்டுகள் பூக்காது. உங்கள் செடி ஆளுயரம் என்றால் அந்தச் சாட்டைகள்தான் அதிகம் இருக்கும். அவற்றின் நுனியை மூன்றடி உயரத்தில் வெட்டிவிடுங்கள், பக்கத்தில் தட்டையானவை கிளைக்கும். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படட்டும், உச்சிவெயில் பட்டால் மஞ்சளாகி வெந்துபோகும், ஒரே நிழலில் வைத்தால் பூ வராது. கிழக்குப் பார்த்த திண்ணையோரம் சரியான இடம். தை முதல் பங்குனி வரை தண்ணீரைப் பத்து நாளுக்கு ஒரு தடவையாகக் குறையுங்கள். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும்போது தண்ணீரோடு மண்புழு உரமும் ஒரு கைப்பிடி எலும்புத் தூளும் கொடுங்கள். மழைக்காலத்தில் தட்டைத் தண்டின் ஓரத்தில் சிவந்த பொட்டு ஒன்று தெரிந்தால் அது மொட்டு. அதற்குப் பிறகு தொட்டியைத் திருப்பக்கூடாது, இடம் மாற்றக்கூடாது, உதிர்ந்துவிடும். மூன்று நாலு வாரத்தில் மொட்டின் காம்பு வளைந்து நுனி மேலே நிமிரும். அது பருத்து வெளுத்துவிட்டால் விரியப்போகிற ராத்திரி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். எட்டு மணிக்கு மேல் மெல்ல விரியும், நடுநிசியில் முழுசாக இருக்கும், விடிந்தால் தொங்கிவிடும். அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: கோயில் நந்தவனத்தில் பொறுக்கிய விதையைப் போட்டு வளர்த்த செண்பகம் ஐந்து வருடமாக நிற்கிறது. எட்டடி உயரம். பூக்க என்ன உரம் போடலாம்?
- கும்பகோணம் வாசகர்

பதில்: உரம் எதுவும் இதை அவசரப்படுத்தாது, ஐயா. விதைச் செண்பகம் பூக்கப் பெரும்பாலும் எட்டு, பத்து வருடம் எடுக்கும். உங்கள் மரத்துக்கு இன்னும் வயது வரவில்லை, அவ்வளவுதான். வருடம் ஒரு முறை ஆடி மழைக்கு முன் அடியில் தொழு உரம் போட்டு மூடாக்குப் போடுங்கள், கோடையில் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் தள்ளிப்போகும், ஆகவே கத்தரி வேண்டாம். மல்லிக்குச் சொன்ன கவாத்து இதற்குப் பொருந்தாது.

காத்திருக்கிற காலத்தில் வீட்டில் பூ வேண்டும் என்றால் ஒட்டுச் செண்பகம் ஒன்று வாங்கி நடுங்கள், இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். வாங்கும்போது தண்டில் ஒட்டுக் கட்டிய தழும்பைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், தழும்பு இல்லாமல் ஒட்டு என்று சொன்னால் நம்ப வேண்டாம். நடும்போது அந்தத் தழும்பு மண்ணுக்கு மேலே நாலு விரல் இருக்கட்டும். தழும்புக்குக் கீழே வருகிற துளிரைக் கண்ட அன்றே கிள்ளிவிடுங்கள். அது வேர்ச்செடியின் துளிர், விட்டுவிட்டால் மேலே இருக்கிற ஒட்டை மெல்ல மெல்லப் பட்டுப்போக வைத்துவிடும்.